தொட்டில் கொக்கியில் தொங்கிய தலைப்பு

போன ஞாயிற்றுக்கிழமை, என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஒரு பட்டிமன்றத்தில் தீர்ப்பு சொல்லாமல் மேடையை விட்டு இறங்கினேன்.

நடுவராகப் போய்விட்டுத் தீர்ப்பு சொல்லாமல் வருவது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா? பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. சுடச்சுட டீயும் வர்க்கியும் சாப்பிட்டாகிவிட்டது. கடைசியில் எழுந்து நின்று, 'இரு அணியினரும் மிகச் சிறப்பாக வாதாடினார்கள்' என்று ஆரம்பித்து, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று பிட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது. எனக்கு அது கைவந்த கலை. குன்னூரில் எனக்கு வைத்திருக்கும் பட்டப் பெயரே 'ஃபிஃப்டி-ஃபிஃப்டி அம்மா'.

அப்படிப்பட்ட நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன்? சொல்கிறேன்.

தேவாலாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். பெயர் வேண்டாம். அங்கே ஆபீஸில் ரைட்டராக இருக்கிறவர் சிவலிங்கம். மஸ்டர் என்கிற ஆள் வருகைப் பதிவு எழுதுவதிலிருந்து விழா நடத்துவது வரைக்கும் எல்லாம் அவர்தான். இரண்டு வாரம் முன்னால் அவர் போன் செய்தார்.

"அம்மா, வணக்கமுங்க. எங்க எஸ்டேட் மனமகிழ் மன்றத்துக்கு ரெண்டாவது ஆண்டு விழாங்க. நீங்கதான் நடுவரா வரோணும்."

"தலைப்பு என்னங்க?"

"ஐரோப்பிய நாடுகளின் சமூக நலத்திட்டங்கள் நம் நாட்டுக்குப் பொருந்துமா, பொருந்தாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொழுந்து பறிக்கிற ஊரில் ஐரோப்பாவா?

"போன வருஷம் மாமியாரா மருமகளான்னு வெச்சமுங்க. ரெண்டு ஊட்ல அடுப்பே தனியாப் போயிருச்சு. இன்னும் அதுக பேசிக்கறதில்லீங்க. அதான் இந்தத் தடவை யாருக்கும் வலிக்காத தலைப்பா, தூரத்துல இருந்து எடுத்துட்டமுங்க."

நியாயம்தானே? டென்மார்க்காரனா தேவாலாவுக்கு வந்து சண்டை போடப் போகிறான்? ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த விஷயத்தில் என்னிடம் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு ரெடியாக இருந்தது.

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். நெதர்லாந்தில் இருக்கும் என் மகளின் பிரசவத்துக்காகப் போயிருந்தேன். ஒரு பெட்டி நிறைய லேகியம், பூண்டு, சுக்கு, கருப்பட்டி. ஏர்போர்ட்டில் நாய் மோப்பம் பிடித்த கதையைக்கூட எழுதியிருந்தேன்... மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று காலையில் காலிங் பெல் அடித்தது. ஒரு நர்ஸ். பிரசவம் ஆன எல்லா வீட்டுக்கும் அப்படி ஒருவர் வருவாராம், அந்த ஊர் ஏற்பாடு. குழந்தையைக் குளிப்பாட்டினாள். மகளைக் கவனித்தாள். படுக்கை விரித்தாள். போதாததற்கு எனக்கும் ஒரு கப் டீ போட்டு, "நீங்கள் உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டாள்.

உட்கார்ந்தேன். ஒரு வாரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருந்தேன். பெட்டியில் லேகியம் அப்படியே இருந்தது.

திரும்பி வந்த வேகத்தில் இந்தப் பத்தியில் பொரிந்து தள்ளினேன். 'அம்மா இருக்கிற ஊருக்கு நர்ஸ் எதற்கு? அதெல்லாம் உறவு இல்லாதவர்களின் ஏற்பாடு, நமக்கு ஒத்துவராது' என்று. உங்களில் பலர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். நான் எழுதியது கருத்து இல்லை, கோபம். மகளுக்கு நான் தேவைப்படவில்லையே என்கிற கோபம். அதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, விழாவுக்கு வருவோம்.

தேவாலாவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை. எஸ்டேட் ஜீப்பில் ஏற்றி அந்த மன்றத்துக்குக் கூட்டிப்போனார்கள். நீளமான ஒரே ஹால், தகரக் கூரை. ஒரு ஓரத்தில் இரண்டு கேரம் போர்டு, ஒரு டிவி. கை கழுவலாம் என்று பின்பக்கம் போனால் குழாய் என் முழங்கால் உயரத்தில் இருந்தது. குனிந்து, வளைந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். உட்கார்ந்து பார்த்தால் ஜன்னலும் அப்படித்தான், தரைக்கு மிக அருகில். கட்டின மேஸ்திரியை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

என் தலைக்கு மேல் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர். கூரையின் மரச் சட்டத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் இருந்தன. அதில் இரண்டில் கயிறு கட்டி பேனரைத் தொங்கவிட்டிருந்தார்கள். பேனருக்கென்றே அடித்து வைத்த மாதிரி சௌகரியமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டிமன்றம் ஆரம்பித்தது. 'பொருந்தும்' அணியின் தலைவர் கூடலூரில் ஆசிரியர். அவர் ஸ்வீடனில் அப்பாவுக்கும் லீவு உண்டு என்றார். ஆண்கள் பக்கம் ஒரே கைதட்டல்... அந்த லீவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். கைதட்டல் நின்றுவிட்டது.

'பொருந்தாது' அணியின் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. நல்ல பேச்சாளர். "அங்கே ஜனம் கொஞ்சம். நாம் எத்தனை கோடி? அங்கே வரியை முணுமுணுக்காமல் கட்டுகிறான், நாம் கட்டுவோமா? சும்மா கொடுத்தால் உழைக்கிற புத்தி போய்விடும்" என்று அடுக்கினார். முன்வரிசையில் இருந்த பெண்கள் காலையில் கொழுந்து பறித்துவிட்டு மத்தியானம் குளித்து வந்தவர்கள். அவர் கடைசியாகத் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்.

"அவனுக்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும். ஏனென்றால் அவனுக்குக் குடும்பம் இல்லை. நமக்கு எதற்குக் காப்பகம்? நம் வீட்டில் அம்மா இருக்கிறாள். மாமியார் இருக்கிறாள். நம்முடைய குடும்பம்தான் நமக்குத் திட்டம்!"

அட, இது என்னுடைய வரியாயிற்றே! எனக்கு உள்ளுக்குள் பெருமை. அந்த நேரம் பார்த்து நடுவில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. எட்டு மாதம் இருக்கும். தாய் தட்டிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள். அது நிறுத்தவில்லை. பேச்சாளர் என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பிடித்தேன்.

"அம்மா, குழந்தையைக் கொஞ்சம் வெளியே தூக்கிக்கிட்டுப் போங்களேன்."

நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அந்தப் பெண் எழுந்தாள். வெளியே கொட்டுகிற மழை. அப்போது அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றார். பெயர் சரோஜா. சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கே கொழுந்து பறிக்கிறவர்.

"எங்கீங்க போறது? இது அதுக ஊடுதானுங்களே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இது புள்ளக் காம்பராங்க. நாங்க வேலைக்குப் போறப்ப புள்ளைகளை விட்டுட்டுப் போற எடம். மேல பாருங்க. நீங்க போர்டு கட்டியிருக்கறது தொட்டில் கொக்கி."

அண்ணாந்து பார்த்தேன். வரிசையாகப் பன்னிரண்டு கொக்கிகள். இரண்டில் ஐரோப்பா தொங்கிக்கொண்டிருந்தது. மீதியெல்லாம் காலி.

முழங்கால் உயரக் குழாய் யாருக்கு? தவழ்கிறவர்கள் எட்டிப் பார்க்கிற உயரத்தில் ஜன்னல் யாருக்கு? பாவம், அந்த மேஸ்திரி. அவர் சரியாகத்தான் கட்டியிருக்கிறார்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. குழந்தைகளின் அறையில் உட்கார்ந்துகொண்டு குழந்தையை வெளியே போகச் சொல்லியிருக்கிறேன். காப்பகத்துக்குள் இருந்துகொண்டு 'காப்பகம் நமக்குப் பொருந்துமா' என்று இரண்டு மணி நேரமாகப் பேசியிருக்கிறோம். மன்றத்துக்கு இரண்டாவது ஆண்டு விழா என்றால், இது மூடி இரண்டு வருஷம் என்றுதானே அர்த்தம்?

மைக்கை அந்தத் தாயிடம் கொடுக்கச் சொன்னேன். கௌரி. இருபத்தைந்து, இருபத்தாறு வயது. குழந்தை யாழினி. மைக்கைப் பார்த்ததும் குழந்தை அழுகையை நிறுத்தி அதைக் கடிக்கப் பார்த்தது.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க."

"என்ன விஷயம்னு மட்டும் சொல்லும்மா."

"இன்னையோட லீவு முடியுதுங்க. ரெண்டு தடவை நீட்டியாச்சு. நாளைக்குக் காத்தால மஸ்டர்ல பேர் குடுக்கலீன்னா பேரை வெட்டிருவாங்க. பர்மனன்ட் பேருங்க. போச்சுன்னா எஸ்டேட் குடுத்த லைன் ஊடும் போயிரும். புள்ளையை எங்க விடறதுன்னு தெரியலீங்க."

"வீட்டில்... அம்மா?"

கேட்டவர் 'பொருந்தாது' அணித் தலைவர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

"எங்கம்மாவும் கொழுந்துக்குத்தானுங்க போகுது. எனக்கு அடுத்த நிரையில நிக்கும். மாமியார் அதுக்கு அடுத்த நிரைங்க. ஊட்ல யாருங்க இருக்கறாங்க?"

கேட்டவர் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தகரத்தில் மழை கொட்டியது.

'அம்மா இருக்கிற ஊருக்கு நர்ஸ் எதற்கு' என்று எழுதின கை என்னுடையது. அந்த அம்மா எங்கே இருக்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. முதுகில் பை கட்டிக்கொண்டு அடுத்த நிரையில் நிற்கிறாள். வெட்கமாக இருந்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது.

முன்னால் உட்கார்ந்திருந்த மேனேஜரைப் பார்த்தேன். சின்ன வயசு. நல்ல பையன் மாதிரிதான் தெரிந்தார். "அப்போ ஆறு குழந்தைங்கதான் இருந்தாங்க, மேடம். பார்த்துக்கிட்ட ஆயாம்மா ரிட்டயர் ஆனாங்க. ஹெட் ஆபீஸ்ல புது ஆள் போடலை. ஹால் சும்மா கிடக்குதேன்னு..." என்று இழுத்தார்.

"இப்போ எத்தனை குழந்தைகள்?"

அவருக்குத் தெரியவில்லை. பெண்கள் கையைத் தூக்கினார்கள். ஒன்பது.

சிவலிங்கம் மெல்ல வந்து என் காதில், "அம்மா, நேரமாகுதுங்க. வழக்கம்போலச் சுருக்கமாத் தீர்ப்பச் சொல்லி முடிச்சிரலாமுங்களா?" என்றார்.

வழக்கம்போல! எனக்குச் சுருக்கென்றது. எழுந்தேன்.

"ஐரோப்பாவை விடுங்கள். இந்த ஹாலில் ஏற்கெனவே இருந்தது இந்த ஹாலுக்குப் பொருந்துமா என்பதுதான் எனக்கு முன்னால் இருக்கிற கேள்வி. அதற்குத் தீர்ப்பை வாயால் சொல்ல முடியாது. ஒத்திவைக்கிறேன். நாளைக் காலை மஸ்டர் நேரத்துக்கு இங்கே இருப்பேன். கொக்கியில் தொட்டில் தொங்கின பிறகு சொல்கிறேன்" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

அன்று சரோஜா வீட்டிலேயே தங்கினேன். சாயங்காலம் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். இன்றைக்கு வரமாட்டேன், காரணம் இது என்று சொன்னேன். அவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்.

"ஏனு, நீ பொறந்தது எங்க?"

"அருவங்காட்டுல. சர்க்கார் வெடிமருந்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரில."

"படிச்சது?"

"குவார்ட்டர்ஸ் ஸ்கூல்ல."

"நாம குடியிருந்தது? நான் இப்ப மாத்திரை வாங்கறது?"

"எல்லாம் அங்கதான்."

"அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நமக்கு ஒத்துவராதுன்னு எழுதினே?"

இதை இவர் அப்போதே கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது வேறு விஷயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு வசதி கூடவே இருந்தால் அதற்குத் திட்டம் என்ற பெயரே நம் நினைவுக்கு வருவதில்லை. அது சும்மா 'நம்ம ஆஸ்பத்திரி', 'நம்ம ஸ்கூல்'. பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட மதிய உணவு, ரேஷன் அரிசி, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்... இதெல்லாம் எந்த ஐரோப்பாவிலிருந்து வந்தது? நமக்குக் கிடைத்தால் வாழ்க்கை. அடுத்தவருக்குக் கிடைக்கப் போகிறது என்றால்தான் 'பொருந்துமா' என்று பட்டிமன்றம் வைக்கிறோம்.

திங்கட்கிழமை காலை. மழை விட்டிருந்தது, மூடுபனி மட்டும். மஸ்டர் களத்தில் பெண்கள் வந்து நின்றார்கள். கௌரியின் முதுகில் கொழுந்துப் பை, இடுப்பில் யாழினி. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

நான் பெரிய போராளி மாதிரி சிவலிங்கத்திடம் போய், "கதவைத் திறங்க" என்றேன். அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர், "திறங்க" என்றார். அவ்வளவுதானா? வெற்றி என்று நினைத்தேன்.

எங்கே? கதவு திறந்ததும் ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிற ஃபேக்டரிப் பையன்கள் நாலு பேர் வந்துவிட்டார்கள். "அப்ப நாங்க எங்கீங்க கேரம் ஆடறது?" அவர்கள் கேட்டதும் நியாயம்தானே? அந்த ஊரில் அவர்களுக்கும் வேறு இடம் இல்லை. என் கையில் வழக்கமான ஃபிஃப்டி-ஃபிஃப்டி கூட இல்லை.

கௌரிதான் பேசினாள். நேற்று பேசத் தெரியாது என்றவள்.

"வேலை உட்டதும் நாங்க புள்ளைகளைத் தூக்கிட்டுப் போயிருவோமுங்கண்ணா. அதுக்கப்பறம் நீங்க ஆடுங்க. காயின் மட்டும் ஒண்ணுகூடக் கீழ கெடக்கக் கூடாது. வாயில போட்டுக்கும்."

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரிங்க்கா, டப்பாவுல போட்டுப் பரண்ல வெச்சர்றோம்" என்றான் ஒருவன். முடிந்தது! இரண்டு அணி, இரண்டு மணி நேரம், ஒரு நடுவர் எல்லாம் சேர்ந்து செய்யாததை அவள் அரை நிமிஷத்தில் செய்துவிட்டாள்.

அடுத்த கேள்வியை சரோஜா கேட்டார். "கதவு தொறந்தாச்சு. பாத்துக்கறது யாருங்க? கதவா பாத்துக்கும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. உண்மையாகச் சொல்கிறேன், தோன்றவே இல்லை. திறந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். சரோஜாவுக்கு முழங்கால் போய்விட்டது. மேட்டில் ஏறிப் பறிக்க முடியவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர் தயார். ஆனால் அதற்கு அவர் பெயரை அன்றைய வேலையில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு அன்று கூலியே இல்லை.

எல்லாரும் மேனேஜரைப் பார்த்தோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹெட் ஆபீஸைக் கேட்க வேண்டும் என்றார். "கேளுங்க தம்பி. கேட்கிற வரைக்கும்?" என்றேன். நகரவில்லை. அந்த இடத்தை விட்டு நகருவதாக இல்லை நான். பெண்கள் யாரும் நிரைக்குக் கிளம்பவில்லை. கோஷம் இல்லை, சத்தம் இல்லை. பையை முதுகில் மாட்டிக்கொண்டு அப்படியே நின்றார்கள். அவர் எங்களையும், பறிக்க ஆளில்லாமல் கிடந்த மலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிவலிங்கம்... சரோஜாம்மாவுக்குப் பேர் போடுங்க. ஹெட் ஆபீஸ் பதில் வர்ற வரைக்கும்."

சிவலிங்கம் எழுதினார். அதற்கு அடுத்த வரியில் கௌரியின் பெயரையும் எழுதினார். அவள் எட்டிப் பார்த்து, எழுதியது தன் பெயர்தானா என்று உறுதி செய்துகொண்டாள்.

தொட்டில் கட்டத் துணி வேண்டுமே? சிவலிங்கம் உற்சாகத்தில் என் பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சரோஜா வாங்கி விரலால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது வழுக்குமுங்க. ஆளைப் போத்தத்தான் ஆகும். புள்ளையத் தாங்காது."

அவர் வீட்டிலிருந்து ஒரு பழைய சேலை வந்தது. பேனரை அவிழ்த்துவிட்டு அதே கொக்கியில் தொட்டில் கட்டினார்கள். அவிழ்த்த ஃப்ளெக்ஸைச் சில்லிட்ட சிமெண்ட் தரையில் விரித்தார்கள். யாழினி அதில் இறங்கித் தவழ்ந்தாள். கௌரி வாசல் வரைக்கும் போய் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று மேட்டில் ஏறினாள். அங்கே அடுத்த நிரையில் அவள் அம்மா ஏற்கெனவே பறிக்க ஆரம்பித்திருந்தார்.

"நடுவரம்மா, இப்பவாச்சும் தீர்ப்பச் சொல்லுங்க" என்றார் சிவலிங்கம்.

பொருந்தும். ஒன்பது பிள்ளைகளும் சரோஜாவும் கேட்க உரக்கவே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் யாழினி ஐரோப்பாவின் மேல் ஒன்றுக்குப் போய்விட்டாள்.

ஹெட் ஆபீஸிலிருந்து இதை எழுதும் வரை பதில் வரவில்லை. முடியாது என்று வந்தாலும் வரலாம். அதனால் வரப்போகிற திங்கட்கிழமையும் மஸ்டருக்கு நான் ஆஜர்... பையில் வழக்கமாகத் தீர்ப்பை வைத்திருக்கும் இடத்தில் இந்தத் தடவை இரண்டு பழைய காட்டன் சேலை!